கீழ்ப்பெட்டிக்கு ஒன்றரை டிகிரி

எனக்கு ஒருவர்மேல் கோபம் வந்தால் அது லேசில் போகாது. என் அம்மா இதைத் தெரிந்துகொண்டு, நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே என்னோடு சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டார். "இவகிட்ட வாய் குடுத்தா அடுத்த பொங்கல் வரைக்கும் வச்சிருந்து திருப்பிக் குடுப்பா" என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லுவார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்த கதை இது.

கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகல கைத்தொழில் பேட்டையில் ஒரு சிறிய ஆய்வுகூடம். தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்பெட்டிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அங்கே வழக்கமான வேலை. நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கண்டியில் குளிர்சாதனத் தொழில் படித்து, அந்த வகுப்பில் ஒரே பெண்ணாக இருந்து, பிறகு நாலு வருடம் ஐஸ்கிரீம் கடைகளின் பிரீசர்களைத் திருத்திக்கொண்டு திரிந்தவளுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய காரியம். ஒரு பெட்டி சொன்ன நேரத்தில் சொன்ன டிகிரியில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். எனக்கு அது சலித்ததே இல்லை.

அங்கே ஒரு நாள் விண்வெளிக்குப் போகிற பெட்டி வந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒரே மாதிரி, ஒரே அளவு, தோட்டத்தில் மலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. உள்ளே இருக்கும் ஒரு தட்டுக்கு மின்சாரத்தை ஒரு பக்கமாக விட்டால் குளிரும், மறுபக்கமாக விட்டால் சூடாகும். அடியில் விரல் நகம் அளவுக் குழிகள் உள்ள ஒரு தட்டம். அந்தக் குழிகளில்தான் பாக்டீரியா இருக்கும். தேயிலை வேரோடு ஒட்டி வாழ்கிற அந்த பாக்டீரியாவை ஹுன்னஸ்கிரியப் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்திருந்தார்கள். நாலு டிகிரியில் வைத்தால் அது தூங்கும். இருபத்திரண்டு டிகிரிக்கு ஏற்றினால் விழித்துக்கொண்டு பெருகும். எடையே இல்லாத இடத்தில் அது எப்படிப் பெருகுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

சோதனைக்குச் சொந்தக்காரி ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி. மண் எடுக்க அவர் வந்தபோது கூடப் போனவள் நான். மழையில் வழுக்கி விழுந்து, காற்சட்டை முழுக்கச் சேறாகி, அதற்குச் சிரித்து, லயத்து வாசலில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டு, உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னொரு ரொட்டி கேட்டவர். என் பெயரை மூன்று தரம் சொல்லச் சொல்லிச் சரியாக உச்சரிக்கப் பழகினார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பெட்டி ஏன் இரண்டு என்று சொல்ல வேண்டும். ஒன்று மேலே போகும். மற்றது எங்களிடம் கீழேயே இருக்கும். மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். மேல்பெட்டியில் என்ன டிகிரி, எத்தனை மணிக்கு என்ற விவரம் ஒரு தாளாக எங்களுக்கு வரும். சரியாக இரண்டு நாள் கழித்து, அதே மணிக்கு, அதே டிகிரியைக் கீழ்ப்பெட்டிக்கும் நான் கொடுக்க வேண்டும். மேலே ஏதாவது பிழை நடந்து பெட்டி சூடாகிவிட்டாலும் அதே பிழையைக் கீழேயும் வேண்டுமென்றே செய்ய வேண்டும். அப்போதுதான் கடைசியில் இரண்டு பெட்டிக்கும் நடுவில் எடை ஒன்றுதான் வித்தியாசமாக நிற்கும். மேலே தும்மினால் கீழேயும் தும்மு என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்ளுவேன்.

ஒத்திகை பார்த்த மாதத்தில் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பெட்டியின் வெப்பமானி மூடிக்குக் கீழே, மேல் பக்கத்தில் இருந்தது. பாக்டீரியாத் தட்டம் அடியில் இருந்தது. பூமியில் சூடான காற்று மேலே ஏறும். ஆகவே மேலே வெப்பமானி இருபத்திரண்டு என்று காட்டும்போது அடியில் தட்டம் இருபதரையில்தான் இருந்தது. நான் அடியில் வேறொரு வெப்பமானியைச் செருகிப் பத்து நாள் பார்த்து உறுதி செய்தேன். விண்வெளியில் காற்று அப்படி ஏறாது, அங்கே இந்தக் கோளாறு வராது. கீழ்ப்பெட்டிக்கு மட்டும் எப்போதும் ஒன்றரை டிகிரி கூட்டி வைக்க வேண்டும்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். சார் என்றே எழுதுகிறேன். கண்டி டவுனில் மூன்று தலைமுறையாகப் புடவைக்கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பம். ஆங்கிலத்தில் படித்து, வெளிநாட்டில் பட்டம் வாங்கி வந்தவர். ஆய்வுகூடத்தில் எல்லோரையும் மரியாதையாகத்தான் அழைப்பார். சிங்களப் பெடியன்களைக்கூட 'மாத்தயா' போட்டுக் கூப்பிடுவார். என்னை மட்டும் 'நீ'. நானும் தமிழ், அவரும் தமிழ் என்ற உரிமை என்று முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது, லயத்திலிருந்து வந்தவளுக்கு அதற்குமேல் எதற்கு என்ற கணக்குத்தான் அது.

ஒன்றரை டிகிரியைப் பற்றி அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

"வெளிநாட்டுக்காரன் செஞ்ச பெட்டிக்கு நீ பிழை சொல்றியா? ஐஸ்கிரீம் பெட்டி இல்ல பிள்ளை இது."

"வெப்பமானி வச்சுப் பார்த்துட்டேன் சார். நீங்களும் ஒருக்கா வந்து பாருங்க."

"எனக்கு வேற வேலை இருக்கு. போ."

நான் போனேன். போய்ப் பெரிய எழுத்தில், கறுப்பு மையில், 'கீழ்ப்பெட்டிக்கு எப்போதும் ஒன்றரை டிகிரி கூட்டி வைக்கவும்' என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கீழ்ப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினேன். எனக்கு எழுத வருவது தமிழ்தான். ஆய்வுகூடத்தில் அவரவர் தமக்குத் தெரிந்த மொழியில் குறிப்பு எழுதலாம், அது வழக்கம். ஒத்திகையில் மேல்பெட்டியை, எடையில்லாத இடம் மாதிரி சூடான காற்று ஒரு பக்கம் தங்காதபடி, சுழற்றிக்கொண்டே வைத்திருந்தார்கள். அதன் முடிவு வந்தபோது, இரண்டு பெட்டியிலும் பாக்டீரியா கிட்டத்தட்ட ஒரே அளவில் வளர்ந்திருந்தது. இவ்வளவு துல்லியமாக யார் வைத்தது என்று விஞ்ஞானி கேட்டு எழுதியிருந்தார். எங்கள் குழு என்று சார் பதில் போட்டார்.

அப்போதே அந்தத் திட்டத்தில் மூன்று பயணம் என்று முடிவாகியிருந்தது. முதல் இரண்டும் சில நாட்கள்தான். மூன்றாவது மூன்று மாதம். மூன்றாவது பயணத்துக்குக் கீழ்ப்பெட்டிக்கென்று ஒரு பொறுப்பாளரை நியமித்து, வெளிநாட்டுக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்து, அவர் பெயரையும் ஆய்வுக்கட்டுரையில் போடுவார்கள். அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும். அதை நான் வெளியே சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பல்லேகல பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

முதல் பயணம் மாசி மாதத்தில் வந்தது. எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கிற காலம். பிறந்ததிலிருந்து நான் தவறவிடாத கூத்து. என் அண்ணன் அந்த வருடம் ரதி வேஷம் கட்டினான். பெட்டியை விட்டுவிட்டு வர முடியாது என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். அம்மா மூன்று நாள் என்னோடு போனில் பேசவில்லை.

மேல்பெட்டியை விண்கலத்திலிருந்து விண்வெளி நிலையத்துக்கு மாற்றும்போது அதற்கு மின்சாரம் இல்லாமல் போயிருக்கிறது. நாலு டிகிரியில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய பெட்டி ஐந்து மணி நேரம் பதினேழு டிகிரிவரைக்கும் ஏறிப் போனதைத் தாள் காட்டியது. தாளை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். நாளை மறுநாள் கீழ்ப்பெட்டியையும் ஐந்து மணி நேரம் அணைக்க வேண்டும் என்றேன்.

"அணைக்க வேணாம். நாலுலயே வை."

"அப்படி வச்சா ரெண்டும் வேற வேற ஆயிருமே சார். மேல உள்ளது முன்னுக்கே முழிச்சிருச்சு."

"அதான் எனக்கு வேணும். வித்தியாசம் இருந்தாத்தான் பேப்பர் எழுதலாம். ஒன்ன யோசிக்கவா வச்சிருக்கு? சொன்னதச் செய்."

செய்தேன். அதை மறைக்கப் போவதில்லை. செய்தது என் கைதான். அவர் சொன்னதற்குச் சாட்சியாக அந்த அறையில் யாரும் இல்லை, என்னிடம் எழுத்தும் இல்லை. பொறுப்பு எனக்குக் கிடைக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

விஞ்ஞானி ஏமாறவில்லை. எத்தனை மணிக்கு அணைத்தோம், எழுப்பினோம் என்ற கீழ்ப்பெட்டியின் தாளும் அவருக்குப் போகும். மேலே சூடு ஏறியதைக் கீழே ஏன் செய்யவில்லை என்று கேட்டு, திரையில் ஒரு கூட்டம் வைத்தார். எங்கள் பக்கம் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு ஆங்கிலம் சரளமாகப் பேச வராது. கேட்டால் நன்றாக விளங்கும். அதை அவர் யோசிக்கவில்லை, அல்லது அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

"எங்கள் டெக்னீஷியன் மறந்துவிட்டாள். தோட்டத்துப் பெண். அங்கே இப்போது ஒரு கூத்து நடக்கிறது. அந்த நாட்களில் அவர்களுக்கு வேறு எதுவும் நினைவில் இருக்காது. நான் அவளுக்காக மன்னிப்புக் கேட்கிறேன்."

திரையிலிருந்து விஞ்ஞானி என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூத்துக்குப் போகாமல் அந்தப் பெட்டியைக் காவல் காத்தவள் நான். மறுநாள் சார் ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் அடித்துக்கொண்டு வந்து, கையெழுத்துப் போடும் இடத்தைப் பேனையால் தட்டிக் காட்டினார். போட்டேன். இனி நான் கீழ்ப்பெட்டியைத் தொடக் கூடாது, இரண்டாவது பயணத்தில் சார் மட்டுமே அதைப் பார்ப்பார் என்று அவரே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். அறிவித்தல் பலகையிலும் ஒட்டினார். என்னைத் தடுப்பூசிப் பெட்டி கழுவும் அறைக்கு மாற்றினார்கள்.

அன்றிலிருந்து நான் கறுவிக்கொண்டிருந்தேன். வேறு சொல் இல்லை. தடுப்பூசிப் பெட்டிகளைத் தேய்த்துக் கழுவும்போது அவர் மூக்குடைபடுகிற நாளை விதவிதமாக மனதில் ஓட்டிப் பார்ப்பேன். ஒரு கம்பியைக் கழற்றிவிட்டால் போதும், அவர் கதை முடிந்தது. ஆனால் அது என்னால் முடியாது. பெட்டியில் கை வைத்துக் கெடுக்கிற புத்தி எனக்கு வராது. அதனால் காத்திருந்தேன்.

இரண்டாவது பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, களஞ்சியத்திலிருந்து கீழ்ப்பெட்டியைத் தூக்கி வர என்னைத்தான் கூப்பிட்டார்கள். தொடக் கூடாது என்ற தடை தூக்குவதற்கு இல்லை போலிருக்கிறது. மேசையில் வைத்தேன். சார் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். வெளிநாட்டிலிருந்து படம் கேட்டிருந்தார்கள். பெட்டி பளிச்சென்று இருக்க வேண்டும். பக்கவாட்டில் என் ஸ்டிக்கர்.

"இதென்ன கிறுக்கல்? பெட்டிய நோட்டீஸ் போர்டு ஆக்கி வச்சிருக்கே."

ஒரு கணம் அவர் கண் அந்த எழுத்தின்மேல் நின்றது. இடமிருந்து வலமாக அது நகரவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்கிற மாதிரி மொத்தமாகப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆவணப் பகுதியில் இருக்கும் அக்கா தன் மகள் கல்யாணத்துக்குத் தமிழில் பத்திரிகை கொடுத்தபோது, அதைத் திறக்காமலே "எப்ப? எங்க?" என்று சார் கேட்டது நினைவுக்கு வந்தது. தமிழ்ச் சுற்றறிக்கை வந்தால் கண்ணாடி கொண்டு வரவில்லை என்று பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுவார். வீட்டில் பேசுகிற தமிழ் அவருக்கு உண்டு. எழுத்து தெரியாது. இத்தனை வயதில் அதை யாரிடமும் சொல்ல வெட்கம்.

நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, ஸ்டிக்கரை உரித்து, உருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். ஒட்டியிருந்த பசையைத் துடைக்கச் சொல்லி என்னிடம் துணியைக் கொடுத்தார். நான் துடைத்தேன். 'சார், அது முக்கியம், எறிய வேண்டாம்' என்று சொல்ல எனக்கு இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு விநாடியை நான் செலவழிக்கவில்லை. பசை போகும்வரை நன்றாக அழுத்தித் துடைத்துக் கொடுத்தேன்.

கீழ்ப்பெட்டி வைத்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். கன்டீனுக்குப் போகும் வழியில்தான் அது இருந்தது. விழித்திருக்கும் காலம் எட்டு நாள். எட்டு நாளும் காலையில் தேநீர் வேளையில் நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பெட்டியின் முகப்பில் 22.0 என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. 23.5 என்று இருக்க வேண்டும். உள்ளே அடியில் பாக்டீரியா இருபதரையில் சோம்பிக்கொண்டு கிடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்தபிறகு குடித்த தேநீர் போல ருசியான தேநீரை நான் அந்தக் கன்டீனில் குடித்ததில்லை. ஐந்தாம் நாள் சார் உள்ளே இருந்து என்னைப் பார்த்தார். கையை ஆட்டிப் போகச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே போனேன்.

ஆறாம் நாள் மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மேல்பெட்டி நன்றாக இருப்பதாக விஞ்ஞானி எழுதிய கடிதத்தைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நாலு வருட உழைப்பு, எல்லோருக்கும் நன்றி என்று எழுதியிருந்தார். சேறு பூசிய காற்சட்டையோடு அவர் ரொட்டி தின்றது ஞாபகம் வந்தது. இப்போதுகூடச் சொன்னால் கடைசி இரண்டு நாளைச் சரிசெய்யலாம், கெட்டதை இன்னது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. சாரின் அறை வாசல்வரைக்கும் போனேன். உள்ளே அவர் யாருடனோ போனில் என்னைப் போன்ற ஆட்களை வைத்துக்கொண்டு மாரடிப்பதைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

மேலே போன பெட்டி திரும்பி, எல்லாவற்றையும் எண்ணி முடித்த பிறகு விஞ்ஞானி நேரில் கண்டிக்கு வந்தார். கூட்டத்துக்கு முதல் நாள் நான் ஆவணப் பகுதி அக்காவிடம் போனேன். அக்குறணைக்காரர். ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பின்னும் நாலு பக்கமும் படம் பிடித்து வைப்பது அவர் வேலை. முதல் பயணத்துக்கு முன் எடுத்த கீழ்ப்பெட்டிப் படங்களை நாளைக்குக் கணினியில் தயாராக வைத்திருங்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு நடந்தது அவருக்குத் தெரியும்.

கூட்டத்தில் விஞ்ஞானி நேராக விஷயத்துக்கு வந்தார். கீழ்ப்பெட்டியில் வளர்ச்சி மிகவும் குறைவு. ஒத்திகையிலே இவ்வளவு சரியாக இருந்தது. நடுவில் என்ன மாறியது?

"எதுவும் மாறவில்லை. பெட்டியில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்" என்றார் சார்.

நான் கையைத் தூக்கினேன். சார் என்னை முறைத்தார். "ஒன்று மாறியது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, அக்காவைப் பார்த்தேன். சுவரில் பெட்டியின் படம் விழுந்தது. என் ஸ்டிக்கர், கறுப்பு மையில், ஆள் உயரத்துக்கு.

விஞ்ஞானி கதிரையைத் திருப்பிக்கொண்டு பார்த்தார். அவர் மனதில் ஒரு வஞ்சமும் இல்லை. சாரிடம்தான் கேட்டார். "இது உங்கள் மொழிதானே? எங்களுக்கு வாசித்துச் சொல்லுங்களேன்."

சார் எழுந்து சுவருக்குக் கிட்டப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.

"கையெழுத்து தெளிவாக இல்லை" என்றார்.

ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அறையில் தமிழ் தெரிந்த மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம், பிறகு அவரைப் பார்த்தோம். அவர் கழுத்திலிருந்து காதுவரைக்கும் சிவந்து வந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை. நான் அவசரப்படவில்லை. எனக்கு அன்று நேரம் நிறைய இருந்தது. அவர் இன்னொரு தரம் கண்ணாடியைத் தொட்டபோதுதான் ஆவணப் பகுதி அக்கா பொறுக்க முடியாமல் வாசித்து ஆங்கிலத்தில் சொன்னார்.

ஒன்றரை டிகிரி ஏன் என்று விஞ்ஞானிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஸ்டிக்கர் எங்கே என்றார். சார் உரித்து எறிந்தார் என்றேன். முதல் பயணத்தில் நான் மறக்கவில்லை, அணைக்க வேண்டாம் என்று சார் சொன்னார், கூத்துக்கு நான் போகவும் இல்லை என்று தமிழில் சொல்ல, அக்கா அதையும் மொழிபெயர்த்தார். விஞ்ஞானி சாரைப் பார்த்தார். பழி போட இந்தத் தடவை சாருக்கு ஆள் இல்லை. பெட்டியைத் தொட்டவர் தான் ஒருவரே என்று அவரே எழுதி, பலகையில் ஒட்டி வைத்திருந்தார்.

அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். மூன்றாவது பயணம் என் கையில் விழ ஒரு அடிதான் இருந்தது. விஞ்ஞானி என் பக்கம் திரும்பி, மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "ஸ்டிக்கர் இல்லை என்று உங்களுக்கு எப்போது தெரியும்?"

இன்றைக்குத்தான், இந்தப் படத்தைப் பார்த்ததும்தான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

"அவர் உரிக்கும்போதே தெரியும். பக்கத்தில் நின்றேன். பசையைத் துடைத்தது நான்."

"பெட்டி குறைவாக ஓடுகிறது என்று?"

"முதல் நாளே தெரியும். தினமும் கண்ணாடியில் பார்த்தேன்."

இதைச் சொல்லும்போது நான் விஞ்ஞானியைப் பார்க்கவில்லை. சாரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் முகத்தில் இருந்த வெட்கம் போய் வேறொன்று வந்தது. எட்டு நாள் கண்ணாடிக்கு வெளியே நான் ஏன் நின்றேன், ஏன் சிரித்தேன் என்று அவருக்கு அப்போது விளங்கியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

விஞ்ஞானிக்கு அது போதவில்லை. அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கூட்டம் கலைந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் பெயரைச் சரியாக உச்சரித்து, இந்தப் பெட்டியை இவ்வளவு விளங்கிக்கொண்ட ஆளை நான் வேறெங்கும் பார்க்கவில்லை என்றார். மூன்றாவது பயணத்துக்கு உங்கள் பெயரை எழுதி வைத்துக்கொண்டுதான் வந்தேன் என்றார். பிறகு, உங்களிடம் அதை விட்டுவிட்டுப் போய் என்னால் தூங்க முடியாது என்றார். அழுதது அவர்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சாருக்காக நான் இன்றுவரை ஒரு சொட்டும் வருந்தியதில்லை. அந்த அம்மாவின் நாலு வருடத்தை எடுத்துத்தான் நான் சாரை அடித்தேன் என்பது அப்போதுதான் எனக்கு வலித்தது.

சாரை அந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு அவர் கொழும்பில் ஏதோ ஒரு மேசைக்குப் போய்விட்டார். மூன்றாவது பயணத்தின் கீழ்ப்பெட்டி இங்கே வரவில்லை. விஞ்ஞானியின் ஊரிலேயே வேறு யாரோ பார்த்தார்கள். நான் இன்னும் தடுப்பூசிப் பெட்டிகளோடுதான் இருக்கிறேன்.

கூட்டம் நடந்த அன்று மாலை நானும் ஆவணப் பகுதி அக்காவும் கண்டி பஸ்ஸுக்கு ஒன்றாக நின்றோம். அவர் அடக்க முடியாமல் தன் அக்குறணைப் பேச்சில் கேட்டார்.

"ஏன் தங்கச்சி அதச் செல்லப் போன? செல்லாம ஈந்தா பொட்டி ஒங்களுக்குத்தானே கெடச்சீக்கும்."

"சொல்லாம இருந்தா, அவரு இத தன்னோட கெட்ட காலம்னு நெனச்சிட்டுப் போயிருப்பாரு அக்கா. நான்தான் செஞ்சேன்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றார்.